ராஜாஜி ஹாலைக் கட்டியவர் வாங்கிய கோட்டை

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு விடுமுறை என்றால் லண்டன், எடின்பரோ, அதைவிட்டால் லேக் டிஸ்ட்ரிக்ட். பழைய சந்தை ஊர்கள் யார் நினைவுக்கும் வருவதில்லை. இந்த முறை மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். அலைச்சலும் கூட்டமும் அவருக்கு ஆகாது என்பதால் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய லட்லோவில் அறை எடுத்தோம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழும் ஊர்தான். ஆனால் சட்டப்படி பாதுகாக்கப்படும் பழைய கட்டடங்கள் மட்டும் ஐந்நூறுக்குப் பக்கம்.

கோட்டை வாசலுக்கு எதிரிலேயே சந்தைச் சதுக்கம். திங்கள், புதன், வெள்ளி, சனியில் கடை போடுகிறார்கள். சீஸ், ரொட்டி, பூச்செடி நாற்று, பழைய பித்தளைச் சாமான். அந்த இடத்தில் விக்டோரியா காலத்து டவுன் ஹால் ஒன்று இருந்ததாம், 1986இல் இடித்துவிட்டார்கள். இடித்ததே நல்லது என்பது என் கட்சி, சதுக்கத்துக்கு இப்போதுதான் மூச்சு விட இடம் இருக்கிறது. அம்மா இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "ஒரு கட்டு கீரை இல்ல, ஒரு பச்ச மொளகா இல்ல, இது என்னடா சந்தை?" என்றார். சீஸ் கடைக்காரர் நீட்டிய துண்டை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

மரச்சட்ட வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1619ஆம் ஆண்டு முகப்போடு நிற்கும் ஃபெதர்ஸ் ஹோட்டல் முன்னால் நாங்களும் போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்துக்குள் இருக்கிறது. பாடகர் குழுவின் மர இருக்கைகள் மடக்கிவைக்கக் கூடியவை. பலகையைத் தூக்கினால் அடிப்பக்கத்தில் சின்ன முட்டு. மணிக்கணக்காக நின்று ஜெபிப்பவர்கள் லேசாகச் சாய்ந்துகொள்வதற்காக. அந்த முட்டுக்குக் கீழே சிற்பம், 15ஆம் நூற்றாண்டு வேலை. ஒன்றில், அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பிசாசு தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு நரகத்தின் வாயை நோக்கி நடக்கிறது. அவள் கையில் குவளை அப்படியே இருக்கிறது! இன்னொரு பிசாசு அவள் பாவங்களைச் சுருளிலிருந்து வாசிக்கிறது, மற்றொன்று பேக்பைப் (தோற்பை வாத்தியம்) ஊதுகிறது. எடைக்கல்லில் கை வைக்கும் எவனையும் சந்தைக்காரர்கள் எப்படி வெறுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ட்யூடர் அரச வம்சத்துக் கதைதான் சொல்வார்கள். இளவரசர் ஆர்தர் புது மனைவி கேத்தரினோடு இங்கே வந்து 1502 ஏப்ரலில், பதினைந்து வயதில் இறந்துபோனார். விதவையான கேத்தரினைத் தம்பி எட்டாம் ஹென்றி மணந்தார். பின்னால் அவரை விலக்கப் போய் இங்கிலாந்துக்கு ரோமில் இருக்கும் போப்போடு உறவே முறிந்தது. நல்ல கதைதான். ஆனால் இன்று இந்தக் கோட்டை யாருடையது என்று பாருங்கள். போவிஸ் பிரபு குடும்பத்துடையது. அரசரிடமிருந்து 1811இல் 1,560 பவுனுக்கு இதை வாங்கியவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மூத்த மகன்.

லட்லோ தொகுதிக்கு 1774 முதல் 1794 வரை எம்.பி. அவர்தான். 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னரும் அவர்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்ததை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: 1799இல் திப்பு வீழ்ந்தார், அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். ஆற்காடு நவாப்பின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனதும் 1801இல்தான். திப்புவை வென்றதைக் கொண்டாட இந்தக் கவர்னர் மதராஸில் ஒரு விருந்து மண்டபம் கட்டினார், 1802இல் முடிந்தது. அதுதான் ராஜாஜி ஹால். அண்ணா, எம்ஜிஆர், ஜெயலலிதா, கலைஞர் எல்லோரையும் நாம் கடைசியாகப் பார்த்த இடம்.

இதைச் சொன்னதும் அம்மா கோட்டைச் சுவரை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். "அப்ப ராஜாஜி ஹாலைக் கட்டுனவன் வீடாடா இது?" "குடியிருக்கலம்மா, வாங்கிப் போட்டிருக்காரு." "யார் காசுல?"

இந்த இடத்தில்தான் நம் வாட்ஸ்அப் வரலாற்றாசிரியர்களோடு எனக்குச் சண்டை. "அங்கே இருக்கிற ஒவ்வொரு செங்கல்லும் நம்ம காசு" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. லட்லோவுக்கு அது பொருந்தாது. கோட்டை 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. ஊர் பணம் பார்த்தது கம்பளியில். பக்கத்து ஸ்டோக்சேயில் கோட்டை மாதிரி மாளிகை கட்டிக்கொண்டவரே 13ஆம் நூற்றாண்டு லட்லோ கம்பளி வியாபாரிதான். நம் பணம் வந்து சேர்ந்தது கிளைவ் காலத்தில், அதுவும் ஏற்கெனவே இருந்ததை வாங்குவதற்கு. அப்பா ராபர்ட் கிளைவ் இந்தியாவில் சேர்த்ததைக் கொண்டு ஷ்ராப்ஷயரில் நிலம் வாங்கினார். மகன் எட்வர்ட் போவிஸ் பிரபு வீட்டுப் பெண்ணைக் கட்டினார். அந்த வீட்டில் பரம்பரைப் பெருமையும் கடனும் இருந்தன, இந்த வீட்டில் ரொக்கம் இருந்தது. மச்சினர் வாரிசில்லாமல் இறந்ததும் போவிஸ் பிரபு பட்டம் 1804இல் எட்வர்டுக்கே புதிதாகக் கிடைத்தது.

இந்தக் கணக்கை இப்படித் துல்லியமாகச் சொன்னால்தான் உறைக்கும். எல்லாமே கொள்ளை என்று கத்தினால், கேட்கிற வெள்ளைக்காரர் கோட்டையின் வயதைச் சொல்லி நம் வாயை அடைத்துவிட்டுப் போய்விடுவார். அவர்கள் ஆர்தரோடு கதையை நிறுத்திக்கொள்வது வசதிக்காக. நாம் மட்டும் என்ன? 2016 டிசம்பரில் ராஜாஜி ஹாலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் அதை யார், எதற்காகக் கட்டினார் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

போகிறவர்களுக்கு: சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள், தேவாலயத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கூட ஒரு நாள் இருந்தால் ரயிலில் ஷ்ரூஸ்பரி போய், அங்கே மாறி வெல்ஷ்பூலில் இறங்குங்கள். போவிஸ் கோட்டை அங்கேதான், பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். திப்புவின் கூடாரமும் அவர் அரியணையின் தங்கப் புலித்தலை ஒன்றும் அங்கே இருக்கின்றன. டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.