ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்டை மூடுறதுக்கு விசில் அடிச்சவங்களுக்கு

நேத்துலேர்ந்து ஏழெட்டுப் பேர் அந்த ஆண்டுவிழா வீடியோவை எனக்கு அனுப்பிட்டீங்க, போதும். நான் படிச்ச காலேஜ், நான் உட்கார்ந்த அதே ஆடிட்டோரியம். ஏஐ வந்தாச்சு, கல்வெட்டெல்லாம் அதுவே படிச்சுச் சொல்லிடும், பி.ஏ. ஹிஸ்டரியை எடுத்துட்டு டேட்டா சயின்ஸ் கொண்டு வர்றோம்னு மேடையில சொல்றாங்க, கீழ விசில் பறக்குது. அந்த விசில்தான் எனக்குத் தாங்கல.

சரி, அது படிச்சே சொல்லட்டும். சொன்னது சரியா தப்பான்னு யார் பாக்கறது?

போன வருஷம் எங்க ஊர் சிவன் கோயில் சுவத்துல இருக்கற சோழர் காலக் கல்வெட்டு ஒண்ணை போட்டோ எடுத்து ஒரு ஏஐ ஆப்ல போட்டேன். அரை நிமிஷத்துல ஒரு பக்கத்துக்குப் பதில். போர்ல செத்துப்போன ஆடுகளுக்கு ராஜா நஷ்டஈடு குடுத்தாராம். துளி தயக்கம் இல்லாம எழுதியிருந்துச்சு, நானே நம்பியிருப்பேன். எங்க வாத்தியார் ரிடையர் ஆகி பத்து வருஷமாச்சு, முட்டிவலியோட பஸ் ஏறி வந்தார். கல்லைத் தேய்ச்சுக் கழுவி, நனைச்ச பேப்பரை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறக்கி, மேல மை ஒத்தி மைப்படி எடுத்தார். கறுப்புக்கு நடுவுல எழுத்து வெள்ளையா எழும்பி வந்துச்சு. "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு". சாகாத, கிழடாகாத ஆடு! கோயில்ல அணையாம எரியற நந்தா விளக்குக்காக இடையர்கிட்ட ஆடு விடுவாங்க, அவர் தினம் நெய் அளக்கணும், ஆடு செத்தாலும் குட்டியை வச்சு எண்ணிக்கை குறையாம பாத்துக்கணும், அதான் அந்தப் பேரு. பழைய கல்வெட்டுல பெரும்பாலும் புள்ளி இருக்காது, துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், இடம் பாத்துப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். டிபார்ட்மென்ட்டை மூடிட்டு அந்த ஆளை எங்கேர்ந்து கொண்டு வருவீங்க?

உடனே நான் டெக்னாலஜிக்கு எதிரின்னு வராதீங்க. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொடரடைவு, அதாவது எந்தக் குறி எங்கெங்க வருதுங்கற பட்டியல், போட்டது கம்ப்யூட்டர் வச்சுத்தான், அதுவும் 1977லயே. ஆனா எது எந்தக் குறின்னு பாத்துப் பாத்துப் பிரிச்சது மனுஷன். 2025 ஜனவரியில அந்த எழுத்தைப் படிச்சுக் காட்டினா பத்து லட்சம் டாலர்னு முதல்வர் அறிவிச்சப்போ ஷேர் பண்ணினவங்கதான் இப்ப விசில் அடிக்கறீங்க. கீழடி பானை ஓட்டுல ஆதன்னு பேர் இருக்குன்னா பெருமை, அதைப் படிக்கற படிப்பை உங்க பொண்ணு கேட்டா மட்டும் "சோறு போடுமா"?

வேலை கிடைக்கறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். கெஸ்ட் லெக்சரரா நாலு வருஷம் அலைஞ்சவன் நான், அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா வாத்தியார் போன இடத்துக்குப் பத்து வருஷமா ஆளே போடாம வச்சிருந்துட்டு, பசங்க சேரல பாருங்கன்னு மேடையில சொல்றது எந்த ஊர் நியாயம்? பட்டினி போட்டுட்டு இளைச்சுப் போச்சுன்னா?

ராத்திரி வாத்தியார் ஐயா போன் பண்ணார். வீடியோ பத்தி ஒரு வார்த்தை பேசல. "தம்பி, முப்பது வருஷமா எடுத்த மைப்படியெல்லாம் பரண்ல சுருட்டிக் கிடக்கு, கரையான் ஏறிடும்போல. டிபார்ட்மென்ட்டுக்குக் குடுத்துடலாம்னு இருந்தேன், இப்ப யார்கிட்ட குடுக்கறது?"ன்னார். பாக்கறேன் ஐயான்னு சொல்லி வச்சுட்டேன். ஈரம் ஏறாத ஒரு ரூம் யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.