பாரிஸில் இருந்தால் பணக்காரரா?

"பணக்கார நாட்டில் உழைக்கிறவன் ஏழையாக இருக்க மாட்டான்" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு ஊர் புதுச்சேரி முத்தியால்பேட்டை. சித்தப்பா குடும்பம் பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறது. ஊருக்கு வந்தால் பெட்டி நிறைய சாக்லேட், சென்ட். ஒரு ஜனவரியில் அங்கே போய்த் தங்கினேன். ஹீட்டர் பில்லுக்குப் பயந்து ஒரே அறையில்தான் சூடு. கோட்டைக் கழற்றாமலே சாப்பிடுகிறார்கள். சித்தி விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஆபீஸ்களைத் துடைக்கப் போகிறார். உழைப்பில் என்ன குறை?

அங்கே வறுமைக் கோடு வெறும் சோற்றுக் கணக்கு இல்லை. எல்லாரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருக்குக் கிடைப்பதில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏழை. ஊரோடு ஒட்டி வாழ முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

அப்புறம், உதவித்தொகை சோம்பேறியாக்கும் என்கிறீர்கள். அமெரிக்காவில் 2021இல் கொரோனா நிவாரணத்தோடு, குழந்தைகளுக்கான வரிச்சலுகையையும் உயர்த்தி, அதில் பாதியை மாதாமாதம் கொடுத்தார்கள். அரசு உதவியையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் குழந்தைகள் வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. நிறுத்திய அடுத்த வருடமே 12.4. பெற்றோர் அதே பெற்றோர்தான், சார்.