சீதனத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட பெண்கள்

கொழும்பின் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ஏன் 'அடிமைத் தீவு' என்று பெயர் வந்தது என்று யார் பதிவு போட்டாலும் அதே கதைதான்: ஒல்லாந்தர் ஆபிரிக்க அடிமை ஆண்களை, முதலை கிடந்த பேர வாவியின் நடுவே அடைத்து வைத்தார்கள் என்று. பெண் ஒருத்திகூட வரமாட்டாள். 1694 குடிக்கணக்கின்படி ஒல்லாந்தரின் கொழும்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,300 பேர். பாதிக்கும் மேல் அடிமைகள். அத்தனை பேரும் கோட்டை மதிலா கட்டினார்கள்? தண்ணீர் அள்ளுவது, சமைப்பது, துணி தோய்ப்பது, எசமான் பிள்ளைக்குப் பாலூட்டுவது எல்லாம் யார் வேலை?

உழைப்பை விடுங்கள், அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. பிறக்கும் பிள்ளை யாருக்குச் சொந்தம்?

ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. 1662இல் அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியா அதைத் தலைகீழாக்கியது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. எசமான் தானே தகப்பனாக இருந்தாலும் அவருக்கு நட்டமில்லை, சொத்தில் ஒன்று கூடும். நம்மூர்த் தேசவழமையும் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தது) இதே வழிதான். இரண்டு எசமான்களின் அடிமைகள் மணம் செய்தால், பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே. ஆணின் எசமானுக்கு ஒன்றுமில்லை. மாடு கன்று போட்டால் யாருக்கு என்கிற அதே நியாயம்.

இந்த விதி இருக்கும் இடத்தில் ஆண் அடிமை ஒரு தலைமுறைச் சொத்து, பெண் அடிமை வட்டி போடும் முதல். 1808க்குப் பிறகு அமெரிக்காவுக்கு அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை. ஆனாலும் 1810இல் சுமார் 12 இலட்சமாக இருந்தவர்கள் 1860இல் 39 இலட்சத்தைத் தாண்டினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட இலாபம் என்று 1820இல் கடிதம் எழுதியவர் வேறு யாருமல்ல, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன்.

கரிபியன் கரும்புத் தோட்டங்களில் இந்தக் கணக்குப் பிழைத்தது. தச்சு, பீப்பாய், பாகு காய்ச்சுதல் என்று கைவேலைக்கு ஆண்களை எடுத்தார்கள். குழி வெட்டவும் கரும்பு அறுக்கவும் மிஞ்சியது பெண்கள். அறுவடைக் காலத்தில் ஆலையில் இரவு வேலை வேறு. கரு தங்கவில்லை, தங்கினாலும் குழந்தை பிழைக்கவில்லை. புதிதாக ஆள் வாங்குவது மலிவு என்றுதான் முதலாளிகள் நெடுங்காலம் இருந்தார்கள். அடிமை வணிகத்துக்கு எதிர்ப்பு வலுத்து, 1807இல் பிரித்தானியா அதை நிறுத்திய காலத்தில்தான் பிரசவ விடுப்பெல்லாம் அவர்களுக்குப் பெரிதாக நினைவுக்கு வந்தது.

இனி, நமக்குக் கொஞ்சம் கசப்பான பக்கம். சீதனம் தமிழ்ப் பெண்ணின் சொத்துரிமைக்குச் சான்று என்று பெருமையாகப் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் அந்தச் சீதனத்தில் காணி, நகையோடு அடிமைகளும் எழுதப்பட்டார்கள். ஒரு பெண்ணின் உரிமைக்குள் இன்னொரு பெண்ணும், அவளுக்கு இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளும். இது நமக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியா அடிமைத்தனத்தை ஒழித்து, 1830களில் அடிமைகளின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தபோது, குடியேற்றங்களில் பணம் பெற்றவர்களில் சுமார் 40 வீதம் பெண்கள். நகரத்து விதவைகள் பலருக்கு இரண்டு மூன்று அடிமைகளை நாள் கூலிக்கு வெளியே அனுப்புவதே வருமானம். உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடவே இருக்கும்: ஆங்கிலேயச் சட்டத்தில் மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவன் கைக்குப் போய்விடுவதால், பட்டியலில் அவன் பெயர்தான் நிற்கும். பழைய பத்திரங்களில் ஆண் பெயரை மட்டும் எண்ணுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

தாய்வழி விதியை ஆங்கிலேய அரசும் நன்றாகவே புரிந்திருந்தது. 1821இல் இலங்கையின் வடக்கில் அடிமைத்தனத்தை மெல்ல மெல்ல ஒழிக்க வந்த ஒழுங்குவிதி, பிறக்கும் பெண்குழந்தைகளை மட்டும் அரசு விலை கொடுத்து விடுவிக்கும் என்றது. அன்றைய ஆவணத்தின் சாதிப் பெயர்களிலேயே சொன்னால், கோவியர் குழந்தைக்கு 3 ரிக்ஸ்டாலர் (அன்றைய நாணயம்), நளவர், பள்ளர் குழந்தைக்கு 2. மகளை விடுவித்தால் அவளுக்குப் பிறப்பவர்கள் தானாகவே சுதந்திரர். அடிமை வம்சம் அங்கேயே அறுந்துவிடும், மலிவாகவும் முடியும். ஆண்குழந்தைக்குச் சல்லிக்காசு இல்லை, அவன் பிள்ளைகள் அவன் கணக்கில் வருவதில்லையே.

1833இன் பிரித்தானிய ஒழிப்புச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. இங்கே 1844இன் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1821க்கும் இதற்கும் இடையில் 23 வருடம். ஒரே குடிசையில் தாய் அடிமை, தம்பி அடிமை, 2 ரிக்ஸ்டாலருக்கு விடுவிக்கப்பட்ட அக்கா மட்டும் சுதந்திரப் பெண்.