கோட்டூர்புரத்தில் இருப்பது ஒரு காடு அல்ல, இரண்டு

'சென்னை கோட்டூர்புரம் மரப்பூங்கா மியாவாக்கி முறையில் வந்தது. நட்டுவிட்டால் போதும், மூன்றே ஆண்டில் காடு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களை ஒன்றாகக் குழப்பிவிட்டார். கன்றுகளை நெருக்கமாக நட்டு விரைவில் காடு வளர்க்கும் மியாவாக்கி முறையில் மாநகராட்சி நட்டது 2020-இல், அதே பகுதியில் வேறொரு மனையில். மரப்பூங்காவோ அடையாற்றை ஒட்டிய பொதுப்பணித்துறை நிலம். குப்பை கொட்டிக் கிடந்த அந்த இடத்தில் 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் 2006-இல் வேலையைத் தொடங்கினார்கள். குப்பையை அள்ளி, மண்ணைத் தேற்றி, நம் மண்ணின் மரங்களை நட்டு, ஆண்டுக்கணக்கில் பராமரித்து வந்த இடம் அது. அந்த உழைப்பை 'மூன்றே ஆண்டு' என்று சுருக்குவது அநியாயம்.

அடுத்து, 'நட்டுவிட்டால் போதும்' என்பது மியாவாக்கிக்கும் பொருந்தாது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் மண்ணை ஆழமாகத் தோண்டி உரமேற்றி, அந்தந்த இடத்துக்குரிய இனங்களையே சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்று நெருக்கமாக நடுவார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தண்ணீரும் களையெடுப்பும் கட்டாயம். கவனிப்பு இல்லாமல் செழிப்பது சீமைக்கருவேலம்தான்!