நெய்வேலி நிலக்கரியில் கோக் செய்ய முடியுமா?

"நெய்வேலி நிலக்கரியிலேயே எஃகு ஆலைக்கு கோக் செய்யலாம், இறக்குமதி வெறும் ஏமாற்று" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. தவறு. கோக் என்பது இரும்பு உருக்கும் உலையில் போடும் கெட்டியான கரிக்கட்டி. நன்றாக எரிவது வேறு, கோக் ஆவது வேறு. காற்றில்லாமல் சூடாக்கும்போது கரி இளகி, உப்பி, ஒட்டிக்கொண்டு கெட்டியாக வேண்டும். 1 கிராம் தூளை மூடிய மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) 820 டிகிரி வரை சூடாக்கினால் நல்ல கரி பணியாரம் மாதிரி உப்பி நிற்கும், அந்த வடிவத்தை வைத்து 0 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோ ஒட்டாமல் தூளாகவே கிடக்கும். அப்புறம் சாம்பல். அது 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால்தான் கோக் கரிக்கு முதல் எஃகுத் தரம் (Steel Grade I) கிடைக்கும். ஜார்க்கண்டின் ஜரியாவில் கோக் ஆகும் கரி உண்டு, சாம்பல்தான் அதிகம். தரப் பட்டியல் நிலக்கரி அமைச்சக இணையதளத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.