நுரையீரல் கேன்சர்ல ரெண்டாவது கட்டி இருந்தாலே ஸ்டேஜ் 4ன்னு சொல்றது தப்பு

நம்ம தாராவி வாட்ஸப் குரூப்புகள்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, "நுரையீரல்ல ரெண்டாவது கட்டி தெரிஞ்சா அது கடைசி ஸ்டேஜ், கத்தி வச்சா காத்து பட்டு பரவிடும், ஆறு மாசம் தாங்காது"ன்னு. இது பொய்ங்க. 90 அடி ரோடுல எங்க பக்கத்து வீட்டு அக்கா இத படிச்சிட்டு, சிடி ஸ்கேன் கவர பீரோ மேல தூக்கிப் போட்டுட்டு டாக்டர்கிட்டயே போகாம இருந்தாங்க, கேட்டதும் மனசு பதறிடுச்சு.

ரெண்டாவது கட்டி எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். நுரையீரல் வலப்பக்கம் 3 மடலா, அதாவது பகுதியா, இடப்பக்கம் 2 மடலா இருக்கும். முதல் கட்டி இருக்கற அதே மடல்ல இருந்தா அதுக்கு டி3ன்னு பேரு (டிங்கறது கட்டியோட நிலையச் சொல்ற குறியீடு), நெறிக்கட்டிக்கும் வேற எங்கயும் பரவலன்னா ஸ்டேஜ் 2பி தான். அதே பக்கம் வேற மடல்ல இருந்தா டி4, நெறிக்கட்டி சுத்தமா இருந்தா 3ஏ. இந்த ரெண்டுலயும் ஆபரேஷன் பண்ணி பல வருஷம் நல்லா இருக்கறவங்க இருக்காங்க. எதிர்ப்பக்க நுரையீரலுக்குப் போயிருந்தாதான் பொதுவா ஸ்டேஜ் 4, அதுலயும் சில நேரம் அது பரவினதா இல்லாம தனியா வந்த இன்னொரு கேன்சரா இருக்கும், அப்போ கணக்கே வேற.

காத்து பட்டா கேன்சர் பரவாது. ஆபரேஷன் எல்லாருக்கும் ஒத்துவராதுங்கறது உண்மை, பெட் ஸ்கேன், பயாப்ஸி, மூச்சு டெஸ்ட் எல்லாம் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. சந்தேகம் இருந்தா ஃபைலோட பரேல் டாடா மெமோரியல்ல இன்னொரு கருத்து கேளுங்க, தள்ளிப் போடாதீங்க.