கல்லுப்பு கரைச்ச போர் தண்ணி கடல் தண்ணி ஆகாதுங்க

போர் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு போட்டு, ஹைட்ரோமீட்டர் (தண்ணியோட அடர்த்தியை அளக்கற கருவி) 1.025 காட்டினா தொட்டியில கணவாய்க் குஞ்சு விடலாம்னு ஒரு தகவல் சுத்துதுங்க. அடர்த்தி சரிதான், ஆனா அது கடல் தண்ணி இல்லைங்க. உப்பளத்துல உப்பு படியறப்ப மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் மிச்சத் தண்ணியோட போயிருது. கையில வர்றது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. ஹைட்ரோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மெக்னீசியம் டெஸ்ட் கிட்டுல பாருங்க. கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் இருக்கும், இந்தக் கலவை பக்கத்துலகூட வராது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துத் தண்ணி எத்தனை கடினமா இருந்தாலும் அந்தக் குறையை அடைக்காது. ஆர்.ஓ. தண்ணியில மெரைன் சால்ட் (கடல் தண்ணியில இருக்கற தாதுக்களைச் சேர்த்துத் தயாரிச்ச மீன் தொட்டி உப்பு) கலந்து, ஒரு நாள் பம்ப் ஓட்டி, கலங்கல் தெளிஞ்சு அடியில துகள் இல்லாம ஆனதும் அதே கிட்டுல திரும்பப் பாருங்க. பாவம், குஞ்சுகளை விட்டுப் பார்த்துச் சோதிக்காதீங்க.